நடந்து போகும் மரம்: ‘மான்ஸ்டர்பீஸ் தியேட்டர்’ எப்படி இருக்கிறது?

ஒரு மரம். அதன் பக்கத்தில் குரோவர், டெல்லி என்ற இரண்டு பொம்மைகள் எல்மோ என்ற இன்னொரு பொம்மைக்காகக் காத்திருக்கிறார்கள். எல்மோ வந்தபாடில்லை. கடைசியில் பொறுமை இழப்பது மரம்தான். கிளம்பிப் போயே விடுகிறது.

1969-இல் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற அமெரிக்கக் குழந்தைகள் பொம்மைத் தொடருக்குள், பெரியவர்களின் நாடகங்களைக் கேலி செய்து வரும் பகுதிதான் ‘மான்ஸ்டர்பீஸ் தியேட்டர்’. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 1971 முதல் ‘மாஸ்டர்பீஸ் தியேட்டர்’ என்ற பெயரில் பெரியவர்களுக்கான நாடகத் தொடர்களை முன்னுரை சொல்லி அறிமுகப்படுத்தியவர் அலிஸ்டேர் குக். அவரைப் போலவே நாற்காலியில் சாய்ந்துகொண்டு குக்கி மான்ஸ்டர் என்ற பொம்மை ‘அலிஸ்டேர் குக்கி’யாகப் பேசுவான். பெற்றோரும் கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும், அப்போதுதான் குழந்தை மனதில் கூடுதலாகப் பதியும் என்று நினைத்துத்தான் இந்த வேடிக்கைகளைச் சேர்த்தார்கள்.

‘எல்மோவுக்காகக் காத்திருத்தல்’தான் இவற்றில் ஆகச் சிறந்தது. மூலம், 1953-இல் பாரிஸில் மேடையேறிய சாமுவேல் பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’. அதன் இரண்டாம் அங்கத்தில் மொட்டை மரத்தில் நாலைந்து இலைகள் தெரியும். கோடோவுக்காகக் காத்திருக்கும் இருவரும் போகலாம் என்று சொல்லிக்கொண்டும் நகர மாட்டார்கள். இங்கே, நகரவே முடியாத மரம் நடந்துவிடுகிறது! நாடகம் படித்தவருக்கு அது அருமையான பதில். நான்கு வயதுக் குழந்தைக்கு மரம் நடப்பதே போதும். காத்திருப்பதன் அவஸ்தை குழந்தைக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் மூலத்தைப் பற்றி எந்த விளக்கமும் வேண்டியதில்லை.

‘அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்’ பிரிட்டிஷ் தொடரில் மேல்தளம் எஜமானர்களுக்கு, கீழ்த்தளம் வேலைக்காரர்களுக்கு. அதைக் கேலி செய்யும் பகுதியில் குரோவர் மூச்சிரைக்க ஏறி இறங்கி, மேலே, கீழே என்ற இரண்டு சொற்களை மட்டும் கற்றுத் தருகிறான். பொம்மைக்குப் படி ஏறுவது லேசான வேலை இல்லை. ஆட்டுபவர் கேமராவுக்குத் தெரியாமல் கீழே நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி, மானிட்டரைப் பார்த்தபடியே ஆட்ட வேண்டும். மானிட்டரில் பிம்பம் கண்ணாடியில் போலத் திரும்பித் தெரியாததால் இடம் வலம் குழம்பும். அப்படியிருந்தும் குரோவரின் களைப்பு தோள் தொங்குவதிலேயே தெரிகிறது.

‘ட்வின் பீக்ஸ்’ (Twin Peaks, இரட்டைச் சிகரங்கள்) தொடரைக் கேலி செய்யும் ‘ட்வின் பீக்ஸ்’ (Twin Beaks, இரட்டை அலகுகள்) அந்த அளவுக்கு எடுபடவில்லை. இரண்டு அலகுள்ள பறவைகள் பார்க்க வேடிக்கைதான். ஆனால் மூலத்தின் உயிர் அதன் மர்மச் சூழலில் இருக்கிறது, அது குழந்தைக்கு எட்டாது. மிஞ்சுவது ஆங்கிலச் சொல் விளையாட்டு மட்டும்.

பழைய பகுதிகளில் குக்கி கையில் புகைக்குழாய் இருக்கும், முடிவில் அதையும் தின்றுவிடுவான். குழந்தைகளுக்குத் தப்பான முன்மாதிரி என்று பின்னால் அதை எடுத்துவிட்டார்கள். சின்னக் குழந்தைகளுக்குப் போடும்போது இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வயதுக்கு ‘அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்’ கேலி, எண்ணத் தொடங்கியதும் ‘39 படிகள்’ என்ற இன்னொரு பகுதி, அதன் பிறகு எல்மோ என்ற வரிசை சரியாக வரும். 39 படி ஏறியதும் குரோவர் முன்னால் நிற்பது வெறும் செங்கல் சுவர். அங்கே கொஞ்சம் நிறுத்தி, அவனுக்கு இப்போது எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.