பி0087 என்ற ஒரு பிழைக் குறியீடும் தேவையின்றி மாற்றப்பட்ட நான்கு இன்ஜெக்டர்களும்: டீசல் பிக்கப் வைத்திருப்போர் கவனத்திற்கு

என்னுடைய டீசல் பிக்கப் வண்டியின் எஞ்சின் ஐட்லிங்கில் குலுங்குகிறது என்று ஒரு பணிமனையில் விட்டேன். சிலிண்டர்களுக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்றி, அதற்கான முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு, முன்பைவிட மோசமான குலுக்கத்தோடு வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கோளாறு டீசல் ஃபில்டரின் மேல்மூடியில் இருந்த ஒரு ரப்பர் வளையத்தில் இருந்தது என்பதும், அதைத் தவறாகப் பொருத்தியதே அந்தப் பணிமனைதான் என்பதும் பிறகு வேறொரு மெக்கானிக்கிடம் போனபோதுதான் தெரிந்தது. இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது என்பதற்காக நடந்தவற்றை எழுதுகிறேன்.

வழக்கமான சர்வீசில் ஆயிலும் டீசல் ஃபில்டரும் மாற்றிய சில நாட்களிலேயே தொல்லை தொடங்கியது. காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது செல்ஃப் நெடுநேரம் சுற்றியது. எஞ்சின் பிடித்த பிறகும் சீராக ஓடாமல், ஆர்பிஎம் முள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. சுமை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது இழுவை திடீரென்று அறுந்து, எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஒருநாள் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பை அது இறுகும்வரை அழுத்திப் பார்த்தேன். அன்று மட்டும் எஞ்சின் உடனே பிடித்தது. பணிமனையில் வண்டியை விட்டபோது இதையும், ஃபில்டர் மாற்றிய பிறகே தொல்லை வந்தது என்பதையும் தெளிவாகச் சொன்னேன். குறித்துக்கொள்ளக்கூட இல்லை.

ஸ்கேனரை மாட்டினார்கள், பி0087 என்ற கோடு, அதாவது பிழைக் குறியீடு, வந்தது. உடனே, 'இன்ஜெக்டர் நான்கும் போய்விட்டன, மாற்றியும் சரியாகவில்லை என்றால் பம்பையும் மாற்ற வேண்டியிருக்கும்' என்றார்கள். அந்தக் கோடு சொல்வது, ரயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசலைக் கொடுக்கும் உயரழுத்தக் குழாயில், எரிபொருள் அழுத்தம் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைவாக இருக்கிறது என்பதை மட்டுமே. ஃபில்டர் அடைத்திருந்தாலும், டீசல் பாதையில் காற்று புகுந்தாலும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பழுதானாலும், இன்ஜெக்டர்கள் அளவுக்கு மீறி ரிட்டர்ன் விட்டாலும் (டீசலை சிலிண்டருக்குள் பீய்ச்சாமல் திருப்பி அனுப்பினாலும்), பம்பு தேய்ந்திருந்தாலும் இதே கோடுதான் வரும். இவற்றில் எது என்று பிரித்தறிவதற்குத்தான் சோதனைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூடச் செய்யாமல், இருப்பதிலேயே விலை அதிகமான பாகத்தில் கை வைத்தார்கள்.

அவர்கள் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று பார்ப்பதற்காக, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை ஸ்பேனரால் தளர்த்தும்படி அங்கே வேலை பழகும் பையனிடம் சொன்னார்கள். பழைய வகை டீசல் எஞ்சின்களில் அது நெடுங்கால வழக்கம். என் வண்டியில் உள்ளது போன்ற காமன் ரயில் எஞ்சினிலோ ஐட்லிங்கிலேயே ரயில் அழுத்தம் சுமார் 300 பார் அளவில் இருக்கும். அந்த வேகத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், சிறு துளையாகத் தெரியும் அந்தக் காயத்தால் விரலையே இழக்க நேரிடலாம். நான் குரல் எழுப்பித் தடுத்தேன். உங்கள் வண்டியில் யாராவது இப்படிச் செய்யப் போனால் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

இன்ஜெக்டர்கள் மாற்றப்பட்டுத் திரும்பிவந்த வண்டியில் பழைய குலுக்கம் அப்படியே இருந்தது. அதோடு 'டக் டக்' என்ற தட்டலும், பானட்டைத் திறந்தால் 'சுக் சுக்' என்று காற்று பீறும் ஓசையும் புதிதாகச் சேர்ந்திருந்தன. கேட்டதற்கு, அடுத்தது பம்புதான் என்றார்கள். அதற்குச் சம்மதிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வேறொருவரிடம் போனேன்.

அவர் முதலில் ஸ்கேனரில் பிழைக் குறியீட்டைப் பார்க்காமல், ஓடும் எஞ்சினின் அளவுகளைப் பார்த்தார். எஞ்சினின் கணினி கேட்கும் ரயில் அழுத்தம் ஒரு நிலையில் நிற்க, உண்மையான அழுத்தம் அதற்குக் கீழே விழுவதும் எழுவதுமாக இருந்தது. ஒரே இன்ஜெக்டர் பழுது என்றால் அந்த சிலிண்டரின் திருத்த அளவு (எஞ்சின் சீராக ஓடக் கணினி டீசலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) மட்டும் தனித்து நிற்கும். இங்கே நான்கும் மாறி மாறி அலைந்தன. பிறகு ஃபில்டருக்கும் உயரழுத்தப் பம்புக்கும் இடையே ஒரு சாண் நீளத்துக்கு நிறமற்ற குழாயை இணைத்து, எஞ்சினை ஓடவிட்டு என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். கடுகு அளவுக் குமிழிகள் டீசலோடு வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அவை ஒன்றாகச் சேர்ந்து நீண்ட காற்றுத் துண்டுகளாயின. என் வண்டியில் டேங்கிற்குள் தனிப் பம்பு கிடையாது, எஞ்சினில் உள்ள பம்பே டீசலை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும் பாதையில் ஓட்டை விழுந்தால் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே சிந்தாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் தரையில் ஒரு சொட்டுக்கூட விழாமல் இத்தனை தொல்லையும் நடந்திருக்கிறது. வண்டி இரவு முழுவதும் நிற்கும்போது அதே ஓட்டையின் வழியே காற்று புகுந்து, டீசல் டேங்கை நோக்கி இறங்கிவிடும். காலையில் செல்ஃப் நெடுநேரம் சுற்றியதும், கைப்பம்பை அழுத்தினால் உடனே பிடித்ததும் அதனால்தான்.

ஃபில்டர் மூடியைக் கழற்றி வளையத்தை என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் தட்டையாக நசுங்கி, மரையில் சிக்கிய இடத்தில் நகக்கண் அகலத்துக்கு வெட்டுப்பட்டிருந்தது. புது வளையத்தில் டீசல் தடவிப் பள்ளத்தில் சரியாக உட்காரவைத்து மூடியதும் குமிழிகள் நின்றன, குலுக்கமும் நின்றது.

மீதியிருந்தவை, இன்ஜெக்டர் மாற்றியவர்கள் உண்டாக்கிய கோளாறுகள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு உண்டு. மாற்றும்போது அதை ஈசியூ எனும் எஞ்சின் கணினியில் பதிய வேண்டும். பதியவில்லை. தட்டலுக்குக் காரணம் அதுதான். இன்ஜெக்டருக்கு அடியில் வரும் செம்பு வாஷரை ஒருமுறை கழற்றினால் புதிதாகப் போட வேண்டும். பழையதையே போட்டிருந்ததால் சிலிண்டருக்குள் எரியும் வாயு மேலே கசிந்து, இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்பாக இறுகியிருந்தது. அதைச் சுரண்டி எடுக்கவே பாதிநாள் ஆயிற்று.

என்னுடைய பழைய இன்ஜெக்டர்களைத் திருப்பிக் கேட்டபோது, அவை கழிவில் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவை பழுதாகவே இருந்தன என்பதற்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை, அவர்களிடமும் இல்லை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் தனித்தனி அளவுக் குடுவையில் பிடித்துச் சில நிமிடங்கள் ஓடவிட்டு ஒப்பிடும் சோதனை ஒன்று இருக்கிறது. அதை உங்கள் கண்முன் செய்து காட்டாமல் யார் இன்ஜெக்டர் மாற்றச் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். கழற்றும் பழைய பாகங்கள் உங்களுக்கே வந்துசேர வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே ஜாப் கார்டில் எழுதி வாங்கிவிடுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. வெட்டுப்பட்ட வளையத்தின் படத்தையும் பில்லையும் இணைத்து, பணத்தைத் திருப்பித் தருமாறு அந்தப் பணிமனைக்கு எழுதியிருக்கிறேன். இன்றுவரை பதில் வரவில்லை.