ஃப்ளூரோயூராசில் 5% க்ரீம்: எரியத்தான் செய்யும், பாதியில் நிறுத்திவிடாதீர்கள்

வருடக்கணக்கில் வெயில் பட்ட நெற்றி, வழுக்கைத் தலை, காதுமடல், புறங்கை. இங்கெல்லாம் விரலால் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரவென்று தட்டுப்படும் திட்டுகள்தான் ஆக்டினிக் கெரடோசிஸ். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பல சமயம் விரலுக்குத் தெரிந்துவிடும். தனியொரு திட்டு புற்றாக மாறுவது அரிது. ஆனால் எது மாறும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது என்பதால்தான் சிகிச்சை தேவைப்படுகிறது. ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் தோல் மருத்துவர் திரவ நைட்ரஜன் வைத்து உறையவைத்துவிடுவார். தலை முழுக்க, நெற்றி முழுக்கப் பரவிக் கிடந்தால் இந்த க்ரீம்தான் சரியான தேர்வு.

இப்படிச் சொல்ல ஆதாரம் இருக்கிறது. நெதர்லாந்தில் 624 பேரிடம் நான்கு சிகிச்சைகளை ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் கழித்தும் திட்டுகள் முக்கால்வாசிக்கு மேல் குறைந்தே இருந்தவர்கள் ஃப்ளூரோயூராசில் பிரிவில் 74.7%. இமிக்விமோட் க்ரீமில் 53.9%, ஒளிச் சிகிச்சையில் 37.7%, இன்ஜெனால் ஜெல்லில் 28.9%. கடைசியாகச் சொன்ன ஜெல், தோல் புற்று அபாயம் பற்றிய சந்தேகத்தால் 2020இல் ஐரோப்பாவில் திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

மருந்து வேலை செய்யும் விதம் புரிந்தால் பாதி பயம் போய்விடும். செல் பிரிய டி.என்.ஏ. வேண்டும். அதற்கான தைமிடினைத் தயாரிக்கும் நொதியை ஃப்ளூரோயூராசில் முடக்குகிறது. வேகமாகப் பிரியும் கெட்டுப்போன செல்கள் மடிகின்றன, பக்கத்தில் உள்ள நல்ல தோல் பெரும்பாலும் தப்பிக்கிறது. அதனால்தான் நன்றாக இருப்பதாகத் தெரிந்த இடத்திலும் புதிதாகச் சிவப்புப் புள்ளிகள் முளைக்கும். அங்கே ஒளிந்திருந்த சேதத்தை மருந்து கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வாமை என்று நினைத்து ட்யூபைத் தூக்கி எறிகிறவர்கள்தான் அதிகம். இந்த மருந்து தோற்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

வழக்கமான முறை: ஒரு நாளைக்கு இரண்டு வேளை, முகத்துக்கும் தலைக்கும் 2 முதல் 4 வாரம். முன்கைக்கும் புறங்கைக்கும் இன்னும் கூடுதல் நாள் பிடிக்கலாம். முகத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பத்து நிமிடம் விட்டு, மெல்லிய படலமாகத் தடவுங்கள். திட்டின் மேல் மட்டும் புள்ளி வைக்காமல், மருத்துவர் குறித்துக் கொடுத்த பகுதி முழுக்கத் தடவ வேண்டும். விரல் நுனி அளவு, அதாவது சுமார் அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். நெற்றிக்கு வேளைக்குக் கால் கிராம் வைத்தால் நான்கு வாரத்துக்கு 14 கிராம். 20 கிராம் ட்யூப் ஒன்றே தாராளம். ஒரே நேரத்தில் 500 சதுர செ.மீ. பரப்பைத் தாண்டக் கூடாது. கையுறை போட்டுத் தடவுங்கள், அல்லது தடவியதும் கையைச் சோப்பால் கழுவுங்கள். கண், மூக்குத் துவாரம், வாயோரம் பக்கம் போகவே கூடாது. மேலே கட்டுப் போட்டு மூடினால் எரிச்சல் பல மடங்கு ஏறும்.

முதல் சில நாட்கள் ஒன்றுமே நடக்காது. மருந்து சரியில்லையோ என்று கூடுதலாக அப்ப வேண்டாம். பிறகு சிவக்கும், எரியும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தோல் உரிந்து, கசிந்து, பக்கு கட்டும். முகம் பார்க்கவே சங்கடமாக இருக்கும். திட்டுகள் புண்ணாகும் இந்தக் கட்டம்தான் நிறுத்த வேண்டிய இடம். அதை மருத்துவர் பார்த்துச் சொல்வது நல்லது. நிறுத்திய பிறகு வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போதும். முழுதாக ஆற ஒன்றிரண்டு மாதம் ஆகலாம் என்பதால், கல்யாணம், இன்டர்வியூ எதற்கும் முன்னால் தொடங்காதீர்கள். வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களும் வேண்டாம். சீழ், காய்ச்சல், கடும் வீக்கம் வந்தால் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

குறைகளும் உண்டு. தடித்துக் கொம்பு போல் எழும்பிய திட்டுக்குள் க்ரீம் இறங்காது; அதை முதலில் சுரண்டியோ உறையவைத்தோ எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கூடாது. இந்த மருந்தை உடலில் சிதைக்கும் டி.பி.டி. (DPD) என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கும் கூடாது, பிரிவுடின் என்ற வைரஸ் மருந்தோடும் சேரவே கூடாது. வீட்டில் நாய், பூனை இருந்தால் ட்யூபைப் பூட்டி வையுங்கள், தடவிய இடத்தை நக்கவும் விடாதீர்கள். கொஞ்சம் உள்ளே போனாலே அவற்றின் உயிருக்கு ஆபத்து.

நான்கு வாரம் தாங்க முடியாதவர்கள் டிர்பானிபுலின் 1% ஆயின்ட்மென்ட் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். தினம் ஒரு வேளை, ஐந்தே நாள், எரிச்சலும் குறைவு. ஆனால் பரவலான சேதத்துக்கு எங்கள் முதல் தேர்வு இந்தப் பழைய க்ரீம்தான்.

ஆறிய பிறகு அதே இடங்களை மறுபடி விரலால் தடவிப் பாருங்கள். இன்னும் சொரசொரப்பு மிச்சமிருந்தாலோ, ஏதாவது ஒன்று வலித்தாலோ, அடியில் கட்டி போலத் தடித்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ இன்னொரு ட்யூப் வாங்காதீர்கள். அதற்குத் தேவை பயாப்ஸி.