சிங்க் முலாம் என்று சொல்லி வெள்ளிப் பெயிண்ட் அடித்துத் தந்தார்கள்

கொழும்பில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். நட், போல்ட், பிராக்கெட் எதையாவது பிளேட்டிங் பண்ணக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இதை வாசித்துவிட்டுக் கொடுங்கள். நான் கொடுத்தது 212 துண்டு. திரும்பி வந்தது 187. வந்ததிலும் பாதிக்கு மேல் பெயிண்ட்.

கார் அப்பாவுடையது. 1959 மொறிஸ் மைனர், 948 சிசி எஞ்சின். எங்கள் வீடு வெள்ளவத்தையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில். ஜன்னல் கம்பியையே தின்கிற கடற்காற்று காரின் போல்ட்டை விட்டுவைக்குமா? போன வருடம் பொடிக்குப் பெயிண்ட் அடித்து முடித்தோம். பொனெட்டைத் திறந்தால் புது நிறத்துக்கு நடுவில் துருப்பிடித்த போல்ட் தலைகள் வெற்றிலைக் காவி ஏறிய பல் மாதிரித் தெரிந்தன. அதைச் சரிபண்ணப் போய்த்தான் இந்தக் கூத்து.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் இந்தச் சின்னச் சாமான்கள் பலவற்றுக்குக் கட்மியம் முலாம் போட்டிருப்பார்கள். கட்மியம் நஞ்சு என்பதால் இப்போது திருத்துகிறவர்கள் அநேகமாகச் சிங்க்தான் போடுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் நாகம் என்று படித்தோமே, அதே சாமான். இரும்பைத் துரு பிடிக்கும் முன் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். எட்டுப் பத்து மைக்ரோன் தடிப்பு ஏறினாலே நல்ல வேலை. தலைமயிரின் தடிப்பில் ஏழில் ஒன்று, அவ்வளவுதான்.

கடை மருதானைப் பக்கம். பெயர் போடவில்லை, கேட்கவும் வேண்டாம். வாசலில் குரோமியம் பூசிய பம்பர் இரண்டு சாய்த்து வைத்திருந்தது. "சிங்க்கும் செய்வம் அண்ணே. மஞ்சளா வேணுமா, வெள்ளையா வேணுமா?" என்று அந்தத் தம்பி கேட்டதில்தான் நான் விழுந்தேன். சிங்க் ஏற்றிய பிறகு குரோமேட் கரைசலில் முக்கி எடுக்கும்போது வருகிற நிறத்தைத்தான் மஞ்சள், வெள்ளை என்பார்கள். விஷயம் தெரிந்தவன் என்று நம்பிவிட்டேன். முலாம் ஏற்றுகிற தொட்டி எங்கே, காட்டு என்று கேட்கத் தோன்றவில்லை. தொட்டியே அங்கே இல்லை, சிங்க் ஏறிய கொஞ்சமும் வெளியே எங்கோ கொடுத்து ஏற்றியதாகத்தான் இருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

18,000 ரூபா பேசி, 10,000 முற்பணம். பில் கேட்டேன். கொப்பித் தாளில் ஒரு மூலையைக் கிழித்து "நட் போல்ட் 1 பெட்டி, 10,000" என்று எழுதித் தந்தான். ஒரு வாரம் என்றது ஐந்து வாரமாகியது. பெட்டி வந்தபோது எல்லாம் பேப்பரில் சுற்றி, கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி மின்னியது. எண்ணிப் பார்க்காமல் மீதிக் காசையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

கராஜில் கார் திருத்துகிற பாஸ் கார்பரேட்டர் பிராக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பழந்துணியில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஒரு தேய்ப்புத் தேய்த்து, துணியைத் திருப்பி என்னிடம் காட்டினார். துணி முழுக்க வெள்ளி. பிராக்கெட்டில் தேய்த்த இடத்தில் பழைய துருக்குழி கருப்பாக எட்டிப் பார்த்தது. சிங்க் பெற்றோலுக்கோ தின்னருக்கோ ஒருநாளும் அசையாது.

வீட்டுக்கு வந்து ஒரு கிளாசில் வினாகிரி ஊற்றி வாசர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். சிங்க் ஏறியதிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பும், பளபளப்பு மங்கும். ஸ்பிரே அடித்தது சும்மா கிடந்தது. இதை நீங்களும் செய்யலாம், போனால் போகட்டும் என்கிற ஒரு வாசரில் மட்டும்.

காணாமல் போன 25ஐ மறைக்கப் பெட்டிக்குள் புது 8 மில்லிமீற்றர் போல்ட் சிலதைக் கலந்து விட்டிருந்தார்கள். மொறிஸில் இருப்பது 5/16 அங்குல யூ.என்.எஃப். என்கிற நெருக்கமான புரி போல்ட், விட்டம் 7.94 மில்லிமீற்றர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இதில் அங்குலத்துக்கு 24 புரி, அதாவது இடைவெளி 1.06 மில்லிமீற்றர், சாதாரண 8 மில்லிமீற்றர் போல்ட்டில் 1.25. ஓரிரண்டு சுற்றுப் போய்ப் பிடித்துக்கொள்ளும். இறுகிவிட்டது என்று ஸ்பனரால் இன்னும் கொடுத்தால் உள்புரி போச்சு. எனக்கு ஒன்று போனது. சொந்த போல்ட்டுகளிலும் சிலதை அமிலத்தில் போட்டுவிட்டு மறந்திருக்கிறார்கள். புரி தேய்ந்து நட் ஆடுகிறது.

இதெல்லாம் காசு நட்டம். பயந்தது திரொட்டில் ஸ்பிரிங்கில், காலை எடுத்ததும் அக்சிலரேட்டரைத் திரும்ப இழுக்கிற ஸ்பிரிங் அது. அதற்கு மட்டும் உண்மையாகவே சிங்க் ஏறியிருந்தது என்பதுதான் வேடிக்கை. பூட்டி மூன்றாம் நாள், காலி வீதியில் பம்பலப்பிட்டிச் சந்திக்குச் சற்று முன்னால் அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறேன், எஞ்சின் இறங்கவில்லை, ஏறுகிறது. பக்கத்தில் மகள். சாவியை நிறுத்தி, பிரேக்கை அழுத்தி, ஓரங்கட்டினேன். பின்னால் வந்த பஸ்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது. பொனெட்டைத் திறந்தால் திரொட்டில் ஸ்பிரிங் இரண்டு துண்டு. இழுபட்ட அடையாளமே இல்லை, சோக்கட்டி முறிந்த மாதிரி.

துருவை எடுக்க அமிலத்தில் ஊறப்போடும்போதும், மின்சாரம் விட்டு முலாம் ஏற்றும்போதும் ஹைட்ரஜன் உருக்குக்குள் புகும். மென் உருக்குக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஸ்பிரிங், சர்க்ளிப், உறுதி கூடிய போல்ட் எல்லாம் உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். விசை ஏறிச் சில மணித்தியாலமோ சில நாளோ கழித்துச் சொல்லாமல் முறியும். முலாம் ஏற்றிய நாலு மணித்தியாலத்துக்குள், குரோமேட்டில் முக்குவதற்கு முன், 200 பாகை செல்சியஸ் அளவில் பல மணித்தியாலம் சூட்டில் வைக்க வேண்டும். "சூடு காட்டுவீங்களா?" என்று கேளுங்கள். முழித்தால் ஸ்பிரிங்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாருங்கள். பிரேக், ஸ்டீயரிங் போல்ட்டுகளை நான் இனி யாரிடமும் கொடுக்கமாட்டேன்.

திரும்பப் போய்க் கேட்டேன். "சிங்க் எண்டா இப்பிடித்தான் அண்ணே இருக்கும்." வெள்ளித் துணியைக் காட்டினேன். "அது கராஜ்ல அடிச்சிருப்பாங்க." நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வேலை முடிந்து மூன்று மாதத்துக்குள். என் கையில் இருப்பதோ கொப்பித் துண்டு. கடைப் பெயர் இல்லை, சிங்க் என்ற சொல்லே இல்லை. பில்லில் என்ன முலாம், எத்தனை துண்டு என்று எழுத வையுங்கள். கொடுக்கும் முன் பாயில் பரப்பி, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள்.

இப்போது வேறொரு இடத்தில் முதலில் பத்தே பத்து நட் கொடுத்துப் பார்த்தேன். எண்ணி வந்தது, வினாகிரியில் குமிழும் வந்தது. மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறேன். போன போல்ட்டுகளுக்கு பாஸும் நானும் இரண்டு சனிக்கிழமை பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைகளைக் கிளறி அநேகமாகச் சேர்த்துவிட்டோம். பொனெட் பிணைச்சலுக்கு மட்டும் இரண்டு குறைகிறது: 5/16, 24 புரி, ஓர் அங்குல நீளம். யாரிடமாவது கிடந்தால் சொல்லுங்கள், துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை.