பத்தனையில் புது வீடா, பழைய தகர வீடா?

வீடு வாங்கலாம் என்று கிளம்பியபோது எங்களிடம் இருந்தது மனைவி சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசும் வங்கி தரச் சம்மதித்த கடனும்தான். ஹட்டன் நகருக்குள் இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டுப் பேசாமல் பஸ் ஏறிவிட்டோம். கொட்டகலையைத் தாண்டி, ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிற பத்தனைப் பக்கம் வந்த பிறகுதான் எங்கள் தொகைக்கு ஏதோ தட்டுப்பட்டது.

மூன்று இடம் பார்த்தோம். முதலாவது பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது, விலை பாதிதான். ஆனால் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. "நாங்க எழுதித் தாறோம் சேர்" என்று அவர்கள் நீட்டும் கடதாசி காணி உறுதி ஆகாது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

மிச்சம் இரண்டு. ஒன்று ஏழு பேர்ச்சில் புதிதாகக் கட்டிய வீடு: கொங்கிரீட் தட்டு, தரை முழுக்க டைல்ஸ், குளியலறையில் சுடுதண்ணி. மற்றது பதினோரு பேர்ச்சில் பழைய வீடு: தகரக் கூரை, பலகை சீலிங், புகை பிடித்துக் கறுத்த அடுப்படி, கக்கூஸ் வெளியே. இரண்டுக்கும் உறுதி சுத்தம். நொத்தாரிஸ் காணிப் பதிவகத்தில் முப்பது வருடம் பின்னோக்கித் தேடிப் பார்த்துச் சொன்னது அது. முத்திரைத் தீர்வையும் இரண்டுக்கும் ஒரே கணக்கு: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம், வாங்குகிறவர் தலையில். பஸ், கடை, பாடசாலை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தூரம்.

புது வீட்டுக்காரரின் புரோக்கர் ஒரு கணக்குச் சொன்னார். "காலேஜ் பக்கத்துல இருக்கு. மேல ரெண்டு ரூம் போட்டீங்கன்னா பிள்ளைங்க வாடகைக்கு வரும், லோன் தானா கட்டுப்படும்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இது பல்கலைக்கழகம் இல்லை. கல்வியியற் கல்லூரியில் ஆசிரிய மாணவர்கள் முதல் இரண்டு வருடம் விடுதியில்தான் தங்குவார்கள். மூன்றாம் வருடம் பயிற்சிக்காக வெவ்வேறு பாடசாலைகளுக்குப் போய்விடுவார்கள். பிறகு யார் வந்து நம் மாடியில் குடியிருக்கப் போகிறார்கள்? அதை நம்பிக் கடன் எடுக்க வேண்டாம்.

இருந்தாலும் புது வீட்டைத்தான் எடுப்பதாக இருந்தோம். மனைவிக்கு அந்தச் சமையலறை அவ்வளவு பிடித்துவிட்டது. முற்பணம் கொடுப்பதற்கு முன் எங்களுக்குத் தெரிந்த ஒரு மேசன் பாஸைக் கூட்டிப்போனேன், அறுபது வயதைத் தாண்டியவர். டைல்ஸைத் தட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றாமல், "முதல்ல பின்பக்கம் போவோம் தம்பி" என்றார்.

பின்பக்கம் என்று சொல்வதற்கு அங்கே இடமே இல்லை. சமையலறைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, மலையைச் செங்குத்தாக வெட்டி விட்டிருந்தார்கள். இரண்டு ஆள் உயரத்துக்குச் சிவப்பு மண். வெட்டின மண்வெட்டித் தடம்கூட அப்படியே இருந்தது. பாஸ் ஒரு குச்சியைச் செருகினார், சிரமமில்லாமல் ஒரு சாண் உள்ளே போனது. மழை விட்டு மூன்று நாளாகியும் மேட்டின் அடியில் ஒரு இடத்தில் தண்ணீர் கசிந்து, சுவரோரம் பச்சையாகப் பாசி. "இதுக்குக் கல்லு மதில் கட்டணும். மதில்ல தண்ணி வடிய ஓட்டை விடணும். மேல கான் வெட்டித் தண்ணியைத் திருப்பணும். இல்லேன்னா ஒவ்வொரு மழைக்கும் நீங்க முழிச்சுக்கிட்டு இருக்கணும்." மதிலுக்கு அவர் சொன்ன தொகையைக் கூட்டினால், புது வீடு எங்கள் கைக்கு எட்டாமல் போய்விட்டது.

மதிலைப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று மச்சான் சொன்னார். பிறகு என்பது எப்போது? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் லயங்களை மண் மூடியதைப் பார்த்த ஆட்கள் நாங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையிலும் மழைதான் கணக்கு: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு, அதாவது வீட்டை விட்டு வெளியேற வேண்டியதுதான். நம் பக்கத்துத் தென்மேல் பருவமழைக்கு முதல் எண் பெரிய விஷயமே இல்லை. சும்மா ஒரு ஜூன் மாத நாள் போதும்.

பழைய வீடு மேட்டில் சமதரையாக உட்கார்ந்திருக்கிறது. பின்னால் பத்துப் பதினைந்தடிக்கு வெறும் முற்றம், அப்புறம் மெதுவாக ஏறும் தேயிலை. கட்டினவர் யாரோ, சுற்றிவர ஒரு கான் வெட்டிக் கல் பதித்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கானுக்காகத்தான் வாங்கினோம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

செலவு இல்லாமல் இல்லை. வந்த முதல் வருடமே ஐந்து தகரம் மாற்றினோம். ஆணி அடித்த இடமெல்லாம் துரு. மழை பெய்தால் டீவியில் வாய் மட்டும்தான் அசையும். ஜனவரிக் குளிருக்குப் பலகை சீலிங் போதாது. மேற்குச் சுவரில் ஓதம் ஏறி, அலுமாரியில் வைத்த சேலையில் பூஞ்சணம் பிடித்தது. அதற்கு மனைவியிடம் இன்னும் மன்னிப்புக் கிடைக்கவில்லை. கக்கூஸை உள்ளே கொண்டுவந்தது தனிச் செலவு. ஆனால் இதெல்லாம் துண்டு துண்டாக, சம்பளத்துக்குச் சம்பளம் செய்யக்கூடிய வேலை. மதில் அப்படி இல்லை. பாதி மதில் கட்டி மழையை நிறுத்திவைக்க முடியாது.

நான் இங்கே பார்த்தது மூன்று மழைக்காலம்தான். விற்கப் போனால் தகர வீட்டுக்கு என்ன விலை வரும் என்பதை விற்றுப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். எங்கள் முற்றத்துக்குக் கீழேயும் சரிவு உண்டு. அந்தப் பக்கத்தில் புல்லை வளரவிட்டிருக்கிறேன், வெட்டுவதில்லை. வெட்டாத மேட்டில், அல்லது ஒழுங்காக மதில் கட்டி முடித்த இடத்தில் புது வீடு கிடைத்தால், தயங்காமல் அதையே எடுங்கள். தகரத்தின் மேல் எனக்குத் தனிக் காதல் ஒன்றும் கிடையாது.

அந்தப் புது வீட்டை வேறொரு குடும்பம் வாங்கியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்த இரவுகளில் அவர்கள் பிள்ளைகளோடு எங்கள் முன்னறையில் படுத்திருந்தார்கள். மேடு விழவில்லை, இன்னும் நிற்கிறது. என் கணக்குப் பொய்யானாலும் பரவாயில்லை, அப்படியே நிற்கட்டும். இப்போது அந்தப் பாஸ்தான் அங்கே மதிலுக்குக் கல் இறக்கிக்கொண்டிருக்கிறார்.