ஒன்றேகால் சென்டிமீட்டர் கூடுதலான பெட்டி

போன வாரம், விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகும் என் கேபின் பெட்டிக்குச் சக்கரம் மாற்றினேன். மறுநாளே, கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, நீங்க வச்சிருக்கிற அதே பெட்டி இப்போ விலை குறைஞ்சிருக்கு. வாங்கலாமா?" வாங்கு என்று வாய் வரை வந்துவிட்டது. ஐந்து வருடம் என்னோடு அலைந்த பெட்டி அது. ஆனாலும் சொல்லவில்லை. காரணத்தை நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லிவிட முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அதற்குச் சேர வேண்டிய பெருமையைக் கொடுத்துவிடுகிறேன். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஓடு. அழுத்தினால் உள்ளே குழிந்து, கையை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்துவிடும். இதற்கு முன் வைத்திருந்த, ஏபிஎஸ் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் பெட்டி இரண்டாம் வருடமே மூலையில் விரிசல் விட்டது. இதில் கீறல்கள் உண்டு, விரிசல் இல்லை. ஜிப்பில் ஒரு பல்கூடப் போகவில்லை. கைப்பிடி இன்றைக்கும் ஒரே இழுப்பில் மேலே வருகிறது. நான்கு சக்கரப் பெட்டியின் சுகத்தையும் மறைக்க மாட்டேன். விமான நிலையத்தின் நீண்ட நடைபாதையில் பெட்டியைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு விரலால் தள்ளிக்கொண்டே போகலாம், தோளிலும் மணிக்கட்டிலும் பாரமே தெரியாது. விமானத்துக்குள் இருக்கைகளுக்கு நடுவில் இருக்கும் குறுகலான வழியில் அதைப் பக்கவாட்டில் நகர்த்திப் போவது தனி நிம்மதி.

இவ்வளவு நல்ல பெட்டியின் உள்பக்கம் ஒட்டியிருந்த சீட்டில் உயரம் 55 செ.மீ. என்று அச்சிட்டிருந்தது. அதை அப்படியே நம்பினேன். முதல் இரண்டு வருடம் யாரும் அளந்து பார்க்கவில்லை. மூன்றாம் வருடம் ஒரு பயணத்தில், போர்டிங் வரிசையில் நின்றிருந்தபோது ஊழியர் ஒருவர் என் பெட்டியைக் காட்டி, அளவு பார்க்கும் கம்பிக் கூண்டில் வைக்கச் சொன்னார். உடம்பு முழுக்க அழகாக இறங்கியது. சக்கரம் மட்டும் வெளியே நின்றது. திருப்பி வைத்தேன், கைப்பிடி வெளியே நின்றது. "சக்கரத்தோடு சேர்த்துத்தான் மேடம் அளவு" என்றார். அவர் மேல் தப்பில்லை. பெரும்பாலான விமான நிறுவனங்களின் விதியைப் படித்தால் சக்கரம், கைப்பிடி, பக்கப் பை எல்லாம் சேர்த்துத்தான் அளவு சொல்லியிருப்பார்கள். பின்னால் ஐம்பது பேர் நிற்க, பெட்டியைத் தரையில் திறந்துவைத்து பவர் பேங்க்கைத் தேடி எடுத்தேன். லித்தியம் பேட்டரி இருப்பதால் அதைச் சரக்குப் பகுதியில் விடக் கூடாது. துணிகளுக்கு அடியில் கிடந்தது. எல்லாரும் பார்க்க உள்ளாடைகளை ஒதுக்கித் தேடிய அந்த மூன்று நிமிடத்துக்காக, பெட்டியைச் செய்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. தனியாகப் பணமும் கட்டித்தான் பெட்டியை அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைச் சுவரோரம் நிறுத்தி, தலையில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைப் படுக்கவைத்து, புத்தகத்தின் அடிவிளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, டேப்பால் அளந்தேன். 56.3 செ.மீ. ஒன்றேகால் சென்டிமீட்டருக்கும் ஒரு துளி கூட. இந்த அளவைக் கொண்டுபோய் எங்கே நுழைப்பது? 55 என்று வைத்திருக்கும் நிறுவனங்கள் ஏராளம். அமெரிக்க நிறுவனங்கள் பல 22 அங்குலம் என்கின்றன, அது 55.9 செ.மீ. பிரிட்டிஷ் ஏர்வேஸ் தாராளமாக 56 வரை விடுகிறது, அதையும் என் பெட்டி தாண்டுகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மூன்று பக்கத்தையும் கூட்டி 115 செ.மீ. என்கிறது. சீட்டில் இருப்பதைக் கூட்டினால் உயரம் 55, அகலம் 37, தடிமன் 22, ஆக 114. டேப்பில் இருப்பதைக் கூட்டினால் 115.3.

அகலத்திலும் தடிமனிலும் ஆளுக்கொரு கணக்கு. இண்டிகோ 55, 35, 25. லுஃப்தான்சா 55, 40, 23. ஏர் இந்தியா 55, 40, 20. எல்லாவற்றிலும் பொருந்த வேண்டுமானால் ஒவ்வொரு பக்கத்திலும் இருப்பதிலேயே சிறிய எண்ணை எடுக்க வேண்டும்: 55, 35, 20. 2015 ஜூனில் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா இதே மூன்று எண்களை உலகத்துக்கெல்லாம் பொதுவான கேபின் அளவாக முன்வைத்தது. பெட்டி சுருங்கிவிடும் என்று எதிர்ப்பு கிளம்ப, அந்த மாதமே நிறுத்திவைத்தார்கள். எனக்கு அது நடந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, நிச்சயமான ஓர் அளவு கையில் இருந்திருக்கும்.

அப்புறம், கடைகளில் சொல்லும் '20 இன்ச்' என்பதை நம்பவே கூடாது. ஒருவர் சக்கரத்தை விட்டுவிட்டு உடம்பை மட்டும் அளந்து 20 என்பார், இன்னொருவர் சக்கரத்தோடு அளந்து 20 என்பார்.

எனக்கு ஆறாதது வேறொன்று. இந்தச் சக்கரங்கள் ஓட்டுக்குக் கீழே ஐந்து சென்டிமீட்டர் தொங்குகின்றன. 37 அகலம், 22 தடிமன் என்று வைத்துப் பெருக்கினால் நாலு லிட்டர் இடம். நாலு சட்டையும் ஒரு துண்டும் வைக்கிற இடம், வெறும் காற்றுக்குப் போகிறது. எடையிலும் இழப்புதான். காலிப் பெட்டி 3.1 கிலோ. 7 கிலோ வரம்பில் எனக்கு மிஞ்சுவது நாலு கிலோகூட இல்லை.

இதெல்லாம் தெரிந்தும் இரண்டு வருடமாக அதையேதான் இழுத்தேன், அளவு பார்க்காத தடங்களில். இந்த வருடம் ஒரு சக்கரம் 'தட் தட்' என்று அடிக்க ஆரம்பித்தது. கவிழ்த்துப் பார்த்தால் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தது. சக்கரம் சுழலும் அச்சான ஆக்சிலைச் சுற்றித் தலைமுடியும் நூலும் கயிறு திரித்த மாதிரி இறுகியிருந்தன. ட்வீசரால் பிடித்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, ஒரு சின்ன எலுமிச்சை அளவுக்கு. சக்கரம் சுழலாமல் தரையில் தேய்ந்தே வந்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த நூலை எடுத்துவிட்டால் சக்கரம் இன்னும் சில வருடம் வரும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். உங்கள் பெட்டியையும் இன்றைக்கே கவிழ்த்துப் பாருங்கள்.

மாற்றுவது கஷ்டமில்லை. பழைய ஆக்சில் ரிவெட் அடித்தது, இரும்பு அறுக்கும் ஹேக்சா பிளேடால் அறுத்தேன். புதுச் சக்கரம், போல்ட், வாஷர், நட்டு. ஒன்றை மட்டும் மாற்றினால் பெட்டி சாயும், அதனால் எல்லாவற்றையும் மாற்றினேன். பழைய சக்கரம் 48 மி.மீ. விட்டம். அதே துளைக்கும் அதே அகலத்துக்கும் கிடைத்தது 54 தான். மாட்டினேன், ஓசையே இல்லாமல் ஓடியது. சந்தோஷத்தோடு சுவரோரம் நிறுத்திப் புத்தகத்தை வைத்து அளந்தேன். 56.6. விட்டத்தில் கூடிய ஆறில் பாதி, மூன்று மில்லிமீட்டர், உயரத்தில் ஏறிவிட்டது.

அதனால், கேட்ட அந்தப் பெண்ணிடம், இதை வாங்காதே என்றேன். "இவ்ளோ நல்லா இருக்குன்னு சொல்றீங்களேக்கா" என்றாள். நல்லாத்தான் இருக்கிறது. அவள் அடிக்கடி போகும் விமானத்தில் கண்டிப்பாக அளப்பார்கள். அவளுக்குச் சரிப்படுவது இரண்டு சக்கரப் பெட்டி. 1987 இல் ராபர்ட் பிளாத் என்ற விமானி நிமிர்த்தி இழுக்கும் பெட்டியைக் கொண்டுவந்தபோது அதற்கும் இரண்டு சக்கரம்தான். சக்கரம் பின்மூலையில் உடம்புக்குள்ளேயே பதிந்திருப்பதால், 55 என்ற உயரத்தில் பெரும்பகுதி துணிக்கே கிடைக்கும். கரடுமுரடான தரையிலும் நன்றாக ஓடும், ஓடும் பேருந்தில் தானாக உருண்டு போகாது. சாய்த்து இழுக்க வேண்டியிருப்பதால் கை வலிக்கும், அது உண்மை. வலிக்கட்டும்.

வாங்கும்போது ஓட்டின் நிறத்தைப் பார்க்கும் முன் டேப்பை எடு, நிமிர்த்திவைத்து அள, முன்பக்கம் பை உள்ள பெட்டியென்றால் அதை நிரப்பிவிட்டு அள, விரித்துப் பெரிதாக்கும் ஜிப் இருந்தால் அதைத் திறக்கவே திறக்காதே என்று சொல்லி, என் டேப்பையே அவளிடம் கொடுத்தேன். சனிக்கிழமை கடைக்குப் போகிறாளாம்.

எனக்கு அடுத்த மாதம் ஒரு பயணம் இருக்கிறது. வரம்பு 55. தம்பியின் பழைய இரண்டு சக்கரத் துணிப்பெட்டியைக் கேட்டு வாங்கி அளந்துவிட்டேன், நிரப்பிய பிறகும் 54.5. புதுச் சக்கரம் போட்ட என் பெட்டியைத் துடைத்து அலமாரிக்கு மேல் ஏற்றிவைத்தேன்.