சுங்கை சிப்புட்டில் ஒரு சூப்பர்சார்ஜரும் ஒரு வாளி சோடாக் காரமும்

மெல்பர்னிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்த பயணத்தில் விமானம், ஈப்போவரை ரயில், தபால் நிலையம், வங்கி எல்லாம் இந்த முறை ஒழுங்காக நடந்தன. அதில் எழுத ஒன்றுமில்லை. எழுத வைத்தது சக்கர ரிம்முக்குச் சாயம் அடிக்கும் கடையின் பின்கட்டில் இருந்த ஒரு வாளி.

காடி பழைய டொயோட்டா கொரோல்லா கார். உள்ளே ஹாஃப்-கட் கடையில் (பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்கள் விற்கும் கடை) வாங்கிப் போட்ட 4ஏ-ஜிஇசட்இ இயந்திரம். 1.6 லிட்டர், டொயோட்டா 1986இல் விட்ட சரக்கு. அதிலிருக்கும் எஸ்சி12 சூப்பர்சார்ஜர் இயந்திரத்துக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பம்பு; அதற்கு இரண்டு இதழுள்ள இரண்டு ரோட்டர்கள் (சேர்ந்து சுழலும் அலுமினிய உருளைகள்), மேலே டெஃப்லான் பூச்சு. வருஷக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டிக்கு எது நடக்குமோ அது நடந்திருந்தது: மிதித்தால் பூஸ்ட் (அழுத்திய காற்றின் தள்ளு) இல்லை, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றினால் நகக்கண் அளவில் செதில் செதிலாகப் பூச்சு.

மெல்பர்னில் இதற்குப் பெட்டி கட்டி, பாரம் எடை போட்டு, வேறு மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும். சில வாரம் கழித்து "பார்த்துவிட்டோம், விலை அனுப்புகிறோம்" என்று ஒரு மின்னஞ்சல் வரும். இங்கே பட்டறையில் தே தாரேக் (இழுத்து ஆற்றிய டீ) ஆறுவதற்குள் சூப்பர்சார்ஜர் மேசைமேல் இருந்தது. ரப்பர் பால் வெட்டி வந்தவர்களின் கப்சாய் மோட்டாருக்குச் (சின்ன மோட்டார் சைக்கிள்) செயின் மாற்றிய காலத்துக் கை அது. டைமிங் பல்சக்கரங்களை இழுப்பதற்குமுன் பல்லுக்குப் பல் குறிகூடப் போட்டார் ஃபோர்மேன். அதுவரை குறை சொல்ல வழியில்லை.

"அண்ணே, நீங்க போய்ப் பசியாறிட்டு வாங்க. ரிம்முக்குச் சாயம் எடுக்கிற மாதிரிதான், அரை மணி நேரம்."

அந்த அரை மணி நேரத்தில் பட்டறைப் பையன் இரண்டு ரோட்டர்களையும் அடுத்த தெரு ரிம் சாயக்கடைக்குக் கொண்டுபோய்ச் சோடாக் கார வாளியில் இறக்கிவிட்டான். இரும்பு ரிம்முக்கு அது சரி. அலுமினியத்துக்குச் சோடாக் காரம் எமன். உலோகத்தையே கரைத்து ஹைட்ரஜன் வாயுவாகக் குமிழ்விடும், பக்கத்தில் பீடி பற்றவைத்தால் தீயும் பிடிக்கும். எடுத்தபோது எஃகுத் தண்டு பளபளவென்று அப்படியே இருந்தது. இதழ்கள்தான் கருத்து, சொரசொரத்து, விளிம்பு தேய்ந்து நின்றன. கருப்பைத் துடைத்தால் போய்விடும். போன உலோகம் திரும்பாது.

இதில் வயிறு எரிய வைத்த விஷயம் வேறு. பூச்சு உரிந்ததால் மட்டும் பூஸ்ட் அடியோடு போகாது. ரோட்டருக்கும் அதைச் சுற்றிய கூட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடைப்பதுதான் பூச்சின் வேலை. அது போனால் காற்று பின்னால் கசியும், குறைந்த சுற்றில் பூஸ்ட் கொஞ்சம் தளரும், காற்று கூடுதலாகச் சூடாகும். ரோட்டர்கள் ஒன்றோடொன்று மோதாமல் பிடித்துவைப்பவை டைமிங் பல்சக்கரங்கள், பூச்சு அல்ல. பூஸ்டைக் கொன்றது, காற்றைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வின் வாயில் மாட்டிக்கொண்ட ஒரு செதில். வால்வு மூடாததால், அழுத்திய காற்று சுற்றிச் சுற்றி முன்பக்கத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தது. கழற்றிக் கழுவியிருந்தால் அன்றைக்கே ஓட்டிப் பார்த்திருக்கலாம். உரிகிற பூச்சை எப்படியும் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் வாளிக்கு அவசரமில்லை.

பூச்சு ஏன் உரிகிறது என்பதற்கு ஊரில் ஒரே பதில்தான்: "பழசாச்சு லா." பாதிதான் உண்மை. இந்த இயந்திரத்தில் த்ராட்டில் (உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தட்டு) சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருக்கிறது. ஒவ்வொரு சர்வீசிலும் 'த்ராட்டில் க்ளீனிங்' என்று கார்ப் க்ளீனர் என்ற கரைப்பானை உள்ளே அடிக்கிறார்கள். அது நேராக ரோட்டரில் விழுந்து பூச்சைத் தளர்த்துகிறது, பேரிங் கிரீசையும் கழுவிவிடுகிறது. த்ராட்டிலைக் கழற்றி வெளியே வைத்துத் துடைக்கச் சொல்லுங்கள். இயந்திரப் புகை திரும்பும் குழாயில் வரும் எண்ணெய் ஆவி, மழைக்காலத்து ஈரம், தூசி விடும் ஃபில்டர் இவையும் கூட்டாளிகள்.

பட்டறைக்குப் போகிறவர்கள் பிடிவாதமாகக் கேட்க வேண்டியது இது. கழற்றுமுன் தண்டை ஆட்டிப் பார்க்கட்டும். ஆட்டம் இருந்தாலோ, இதழில் உலோகம் உரசிய கீறல் பளபளத்தாலோ பேரிங் போய்விட்டது, எந்தப் பூச்சும் காப்பாற்றாது. பிறகு ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து, ரோட்டரைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, கூட்டோடும் எதிர் ரோட்டரோடும் உள்ள இடைவெளியை எழுதிவைக்க வேண்டும். இந்த எண்கள் இல்லாமல் பூச்சு பற்றிப் பேசுவதில் பயனில்லை. எடுப்பதற்கு பிளாஸ்டிக் சுரண்டி, நைலான் பிரஷ், அலுமினியத்துக்கு ஆகும் என்று டப்பாவில் எழுதியிருக்கும் பெயின்ட் ஸ்ட்ரிப்பர் போதும். மணல் அடிப்பதென்றால் பேரிங்கும் சீலும் வெளியே வந்த பிறகுதான்.

அடுத்த வலை பவுடர் கோட்டிங் (தூளைத் தெளித்துச் சூளையில் சுடும் பூச்சு). வீட்டு கேட்டுக்கு அடிக்கிற கடைக்காரர் "இதுக்கும் அடிச்சுடலாம்" என்பார். அது முகத்துக்கு 60 முதல் 80 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிக்கும். இரண்டு ரோட்டர்கள் சந்திக்கும் இடத்தில் இரண்டு முகம், அதாவது 120 முதல் 160. அங்கே இருக்கும் மொத்த இடைவெளியே அவ்வளவுதான் இருக்கலாம். சூளையில் 180, 200 டிகிரி ஏறினால் உள்ளே விட்ட சீலும் கருகும். மறுபூச்சு வேண்டுமென்றால் 15 முதல் 25 மைக்ரானில் நிற்கும் டெஃப்லான் அல்லது மாலிப்டினம் உலர் பூச்சு. பூசுபவர் சொல்லும் சூட்டைப் பேரிங் தாங்குமா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் முழுக்கச் சுத்தம் செய்து வெறும் அலுமினியமாகவே மாட்டலாம், தினசரி ஓட்டத்துக்கு அதுவே நிம்மதி. பாதி உரிந்ததைப் பாதியாக விட்டால் மீதியும் இன்டர்கூலருக்குத்தான் போகும்.

இன்டர்கூலரைக் காற்று வெளியேறும் பக்கமிருந்து எதிர்த்திசையில் மண்ணெண்ணெய் ஊற்றி அலசி, சோப்பு வெந்நீரில் கழுவி, ஊதிக் காயவைக்க வேண்டும். சூப்பர்சார்ஜர் பல்சக்கர எண்ணெய் தனி. இயந்திர எண்ணெயை ஊற்றாமல் குச்சி அளவு பார்த்து விட வேண்டும்.

கடைசியில் ஹாஃப்-கட் கடையிலிருந்து இன்னொரு எஸ்சி12 வந்தது. டார்ச் அடித்துப் பார்த்து, தண்டை ஆட்டி, கையால் சுற்றி, ஃபோர்மேன் ஃபீலர் கேஜ் எண்களைத் தீப்பெட்டி அட்டையில் எழுதிக் கொடுத்தார். முதல் நாளே இப்படிச் செய்திருந்தால் என்று சொல்ல வாய் வந்தது. அவர் கூலியே வாங்கவில்லை. வாளியில் குளித்த ரோட்டர்கள் இரண்டும் பட்டறைக் கதவு காற்றில் சாத்தாமல் முட்டுக்கொடுத்து நிற்கின்றன.