மாட்டுங்கா மெஸ்ஸுக்கு என்ன விலை: புத்தக மதிப்பா, லாப மடங்கா, ரொக்க வரத்தா?

மும்பை மாட்டுங்காவில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் ஒரு மெஸ்ஸிலிருந்து தம்பி விலகிக்கொள்ள விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் ஆண்டு லாபம் 60 லட்சம் ரூபாய். இடம் பகடி முறையில், அதாவது முதலில் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து நீண்ட கால வாடகை உரிமை பெறும் முறையில், வந்தது. மாத வாடகை பெயருக்குத்தான், ஆனால் உரிமையைக் கைமாற்றினால், கட்டட உரிமையாளரின் பங்கு போக, 2 கோடி ரூபாய் கிடைக்கும். தம்பியின் பாதிக்கு அண்ணன் எவ்வளவு கொடுக்க வேண்டும்? புத்தக மதிப்பு, லாபத்தின் மடங்கு, வருங்கால ரொக்க வரத்தின் இன்றைய மதிப்பு என மூன்று வழிகளில் இதற்கு விடை காணலாம். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டாத விடைகளையே தருகின்றன.

புத்தக மதிப்பு எளிது. கிரைண்டர், அடுப்பு, சரக்கு, வங்கி இருப்பு எல்லாவற்றையும் கூட்டிக் கடனைக் கழித்தால் 35 லட்சம் வருகிறது. தாத்தா காலத்தில் கொடுத்த பகடித் தொகை ஏட்டில் சில ஆயிரங்களாகவே நிற்பதால், மெஸ்ஸின் மிகப் பெரிய சொத்து இந்த மதிப்பில் சேரவே இல்லை. சொத்துகள் சந்தை விலைக்கு அருகில் எழுதப்பட்டிருக்கும் வங்கிகளுக்கும் முதலீட்டு நிறுவனங்களுக்கும் இம்முறை ஓரளவு பொருந்தும். அங்கும், சொத்து இருப்பது வேறு, அது பங்குதாரர் கைக்கு வருவது வேறு. ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகளை வைத்திருக்கும் எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தின் பங்கு 3 ரூபாய் 53 காசு என்ற விலையில், விற்க ஆளில்லாமல் முடங்கிக் கிடந்தது. 2024 அக்டோபர் 29 அன்று மும்பைப் பங்குச்சந்தை விலை வரம்பில்லாத சிறப்பு ஏலத்தில் அதை விட்டபோது, ஒரே நாளில் 2,36,250 ரூபாயைத் தொட்டது. அப்போதும் அந்த விலை பங்கொன்றின் சொத்து மதிப்புக்குக் கீழேதான் இருந்தது. அந்தச் சொத்தை விற்றுப் பிரித்துத் தருவார்கள் என்று யாரும் நம்பவில்லை என்பதே அதற்குக் காரணம்.

புத்தக மதிப்பின் குறையைத் தீர்க்க வந்ததாகச் சொல்லப்பட்ட மாற்றுச் செலவு முறையின் கதை இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். இதே ஆலையை இன்று புதிதாகக் கட்ட எவ்வளவு ஆகும் என்று பார்த்துப் பங்கை மதிப்பிட வேண்டும் என்பது மும்பைப் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் வாதம். 1992இல் ஏசிசி சிமென்ட் பங்கு சில நூறு ரூபாயிலிருந்து 9,000 ரூபாயை ஒட்டி ஏறியபோது, அதற்கு நியாயம் கற்பிக்க இந்த வாதமே பயன்பட்டது. கட்ட ஆகும் செலவுக்கும் அந்த ஆலை ஈட்டும் லாபத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதைப் பின்னர் வந்த சரிவு காட்டியது.

இனி மடங்கு முறை. பங்குத் தரகு அலுவலகத்தில் வேலை பார்க்கும் மருமகன் ஒருவர் எந்தக் குடும்பத்திலும் இருப்பார். அவர், பட்டியலிட்ட உணவக நிறுவனம் 50 மடங்கில் விற்கிறதே, நம் மெஸ்ஸுக்கு 30 கோடி கேட்கலாம் என்பார். பல நகரங்களில் கிளை பரப்பப்போகும் வளர்ச்சிக்காகவும், நினைத்த நேரத்தில் விற்றுவிட முடியும் வசதிக்காகவும் கொடுக்கப்படும் மடங்கை, இரண்டு சகோதரர்களின் கைமணத்தை நம்பி நிற்கும் ஒரே கடைக்குப் பொருத்துவது அபத்தம். இத்தகைய கடையை வாங்குபவர் நான்கைந்து ஆண்டுகளில் போட்ட பணம் திரும்ப வேண்டும் என்றே பார்ப்பார். ஆகவே 5 மடங்கு என்று கொள்ளலாம்.

ஆனால் எதன் 5 மடங்கு? மடங்கைப் பற்றிச் சண்டையிடுவோர் பெரும்பாலும் லாபத்தைச் சரிபார்ப்பதில்லை. 2021 மார்ச் முடிவில் 40ஐ ஒட்டியிருந்த நிஃப்டி குறியீட்டின் பி.இ. விகிதம், அதாவது விலை லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற எண், ஏப்ரல் முதல் தேதியில் 33 ஆனது. தனி நிறுவன லாபத்துக்குப் பதிலாகத் துணை நிறுவனங்களையும் சேர்த்த லாபத்தை வைத்து தேசியப் பங்குச்சந்தை கணக்கிடத் தொடங்கியதைத் தவிர வேறு பெரிதாக எதுவும் நடக்கவில்லை. நம் மெஸ்ஸில் திருத்தம் இன்னும் கடுமையானது. அண்ணனும் தம்பியும் விடியற்காலை நான்கு மணிக்கு மாவுப் பாத்திரத்தைத் திறப்பதிலிருந்து இரவு கல்லாவை எண்ணும் வரை சம்பளமின்றி உழைக்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு மேலாளரையும் தலைமைச் சமையல்காரரையும் வைத்தால் ஆண்டுக்கு 24 லட்சம் போகும். எஞ்சுவது 36 லட்சம்; அதன் 5 மடங்கு 1 கோடியே 80 லட்சம்.

ரொக்க வரத்து முறை இதையே நீட்டி எழுதுகிறது. அதன் மிகச் சுத்தமான வடிவம் அரசுக் கடன்பத்திரம். 100 ரூபாய் முக மதிப்பு, ஆண்டுக்கொரு முறை 7 ரூபாய் வட்டி, 10 ஆண்டு தவணை என்றால், சந்தை 8 சதவீதம் எதிர்பார்க்கும்போது பத்திரத்தின் விலை 93.29, 6 சதவீதம் போதும் என்றால் 107.36. வரவு எழுதி வைக்கப்பட்டது, விகிதம் மட்டுமே மாறுகிறது. மெஸ்ஸில் இரண்டுமே ஊகம். அடுத்த ஆண்டு 36 லட்சம், அதன்பின் 5 சதவீத வளர்ச்சி, 20 சதவீதத் தள்ளுபடி விகிதம் (வருங்கால ரொக்கத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம்) என்றால் மதிப்பு 2 கோடியே 40 லட்சம். விகிதத்தை 18 ஆகவும் வளர்ச்சியை 6 ஆகவும் மாற்றினால் 3 கோடி. 22, 4 என்றால் 2 கோடி. வேண்டிய விடையை முதலில் முடிவு செய்துவிட்டு ஊகங்களைப் பின்னால் பொருத்துவது இம்முறையில் வெகு எளிது. ஆனால் அந்த ஊகங்கள் தாளில் பளிச்சென்று நிற்கின்றன. மடங்கு முறையிலோ அவை ஒற்றை எண்ணுக்குள் ஒளிந்துகொள்கின்றன. எனக்கு இவ்விரண்டில் ரொக்க வரத்து முறையே மேல், அதிலும் அதைத் தலைகீழாகப் போடுவது: கேட்கும் விலையை வைத்துக்கொண்டு, எந்த வளர்ச்சி நடந்தால் இந்த விலை நியாயமாகும் என்று பார்ப்பது.

இந்தக் கணக்குகளின் உண்மையான சிக்கல் இடத்தில் இருக்கிறது. 36 லட்சம் லாபத்தில், சந்தை வாடகை தராமல் மிச்சமாகும் 12 லட்சமும் அடங்கியிருக்கிறது. அதைக் கழிக்காமல் 1 கோடியே 80 லட்சத்துடன் பகடி மதிப்பு 2 கோடியையும் கூட்டினால் ஒரே சொத்தை இரு முறை எண்ணியதாகும். கழித்தால் தொழிலின் லாபம் 24 லட்சம், 5 மடங்கில் 1 கோடியே 20 லட்சம். இதனுடன் இடத்தின் 2 கோடியைக் கூட்டலாம். கிரைண்டரும் அடுப்பும் இல்லாமல் அந்த லாபம் வராது என்பதால் ஏட்டில் உள்ள 35 லட்சத்தைத் தனியே சேர்க்கக் கூடாது. ஆக மொத்தம் 3 கோடியே 20 லட்சம்; தம்பியின் பாதி 1 கோடியே 60 லட்சம். வாடகை மிச்சம் ஏறக்குறைய கடன்பத்திர வட்டியைப் போல நிச்சயமானது, அதற்கு 6 சதவீதம் (2 கோடிக்கு 12 லட்சம்) போதும். சாம்பாரின் ருசியை நம்பிய லாபத்துக்கு 20 சதவீதம், அதாவது 5 மடங்கு விலை, வேண்டும். இரண்டையும் ஒரே மடங்கில் கட்டியதால்தான் முந்தைய விடை தம்பிக்குப் பாதகமாக இருந்தது.

முறைகளைக் கலப்பது நீதிமன்றத்துக்கும் புதிதல்ல. டாடா ஆயில் மில்ஸ் நிறுவனம் இந்துஸ்தான் லீவருடன் இணைந்தபோது, 15 பங்குக்கு 2 பங்கு என்ற பரிமாற்ற விகிதம் பல முறைகளைச் சேர்த்தே கணிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிடவில்லை.

அண்ணன் தம்பி இடையில் இந்த மூன்று எண்களையும், அதாவது இடத்தின் விகிதம், தொழிலின் மடங்கு, தங்களுக்கான சம்பளம் ஆகியவற்றை, கூட்டு ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் சிக்கல் இல்லை. எழுதாமல், கணக்கும் தீர்க்காமல் அண்ணன் கடையைத் தொடர்ந்து நடத்தினால், 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 37ஆவது பிரிவின்படி, தன் பாகத்தைப் பயன்படுத்தி ஈட்டிய லாபத்தில் பங்கையோ, ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ தம்பி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.